ஒன்பது விரலுக்கு ஒரு ஜோடி

ஆம்பூர்,
15.6.2025

அண்ணா,

நலம், நலமறிய அவா என்று எழுத மாட்டேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்றைக்கே என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். ராயபுரம் போஸ்ட்மேனை உன்னால் பிளாக் பண்ண முடியாது, அதனால் கடிதம்.

லூர்து அண்ணி நேற்று போனில் பேசினார். வேளாங்கண்ணிக்கு மூன்றாவது முறையும் நடக்கப் போகிறாயாம், ஆகஸ்ட் பதினேழாம் தேதி பூசை முடிந்ததும் கிளம்புகிறீர்களாம். இந்த முறை வெறுங்கால் இல்லை, ஷூ வாங்கியாயிற்று என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வார்த்தையில் பாலைத் திரித்துவிட்டார். சர்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய அந்த ஷூ மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதாம், கிளம்புகிற அன்றுதான் உன் காலில் ஏறுமாம். புது ஷூவை முன்னாலேயே போட்டுப் பழக்க வேண்டாமா?

நடக்காதே என்று சொல்ல நான் எழுதவில்லை. அதை ஈஸ்டரில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனபோது, பிழைத்து வந்தால் மூன்று முறை நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாய். அண்ணி பிழைத்து வந்தார். நீயும் இரண்டு வருஷம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடந்தாய். போன வருஷம் இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளத்தோடு திரும்பினாய். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை, ஒரே மாதத்தில் விரலை எடுத்துவிட்டார்கள். மீதி இருப்பது ஒன்பது. அந்த ஒன்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

ஆம்பூரில் நான் தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கட்டும். பதினோரு வருஷமாக ஷூ கம்பெனி ஃபிட்டிங் ரூமில் இருக்கிறேன். எந்த நாட்டுக்காரன் நடக்கப் போகிற ஷூவாக இருந்தாலும் நாங்கள் மாட்டி நடந்து பார்த்து, நான் தலையாட்டினால்தான் லைன் ஓடும். என்ன நம்பர் வாங்கினாய், காலையிலா மாலையிலா, சாக்ஸ் போட்டுப் பார்த்தாயா, இரண்டு காலிலும் பார்த்தாயா என்று எழுது. கோபத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

ஜானட்


ராயபுரம்,
20.6.2025

தங்கை ஜானட்டுக்கு அண்ணன் அருள்பிரகாசம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆசீர்வாதமும் உண்டு, கோபமும் உண்டு. ஒரே தபால்தலையில் இரண்டையும் அனுப்புகிறேன்.

கோபத்தை அப்புறம் எழுதச் சொல்கிறாய். முடியாது. ஈஸ்டர் அன்று என் வீட்டில், என் ஹார்பர் ஆட்கள் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது என்ன சொன்னாய்? "அடுத்த வருசம் மாதாவுக்கு வெள்ளில கால் செஞ்சி போடாத. உன் காலையே கயட்டி உண்டியல்ல போட்டுட்டு வந்துடு." பத்துப் பேர் சிரித்தார்கள். பதினெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவன் நான். எட்டு மாடி உயரத்தில் உட்கார்ந்து முப்பது டன் கன்டெய்னர் பெட்டியைப் பூ மாதிரி இறக்குகிறவன். அன்றைக்கு என்னை ஒரு வார்த்தையில் இறக்கிவிட்டாய். "வெளிய போடி" என்று நான் சொன்னதும் தப்புதான், ஆனால் முதலில் ஆரம்பித்தது நீ.

சரி, ஷூ. யானைக்கவுனியில் சுஹைப் பாய் கடையில் வாங்கினேன். நைட் டூட்டி முடித்து, காலையில் கடை திறந்ததும் முதல் போணி நான்தான். பாய் எட்டும் ஒன்பதும் எடுத்து வைத்தார். "நைனா, ஒம்போது எத்துக்கோ. நடக்க நடக்க கால் வீங்கும்" என்றார். நான் மாட்டிப் பார்த்தேன். ஒன்பது காலில் இருப்பதே தெரியவில்லை. "இன்னா பாய், லொடலொடன்னு கீது. எட்டுதான் சிக்குனு புடிச்சிகினு கீது" என்று எட்டை வாங்கிக்கொண்டேன். என் கால் எனக்குத் தெரியாதா?

மாதாவுக்கு என்று வாங்கியதை அதற்கு முன்னால் மார்க்கெட்டுக்கும் கக்கூஸுக்கும் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறாயா? புதுச் சேலையை நாலு நாள் கட்டி அழுக்காக்கிவிட்டா மாதாவுக்குச் சாத்துவார்கள்? நம் அம்மா இருந்திருந்தால் உன் தலையில் குட்டியிருப்பாள்.

ஒரு சிரிப்புச் சமாச்சாரம் சொல்கிறேன், கோபம் ஆறட்டும். போன வாரம் டோல்கேட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே போனேன். மத்தியான வெயில், திருவொற்றியூர் பக்கமாக. வெகுதூரம் போன பிறகு ஒரு பூக்காரம்மா கூப்பிட்டு, "இன்னாயா, ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல தார் ரோடா? வேண்டுதலா?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது கால் செருப்பைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் டோல்கேட் சிக்னலிலேயே கிடக்கிறது. எப்போது கழன்றது என்றே தெரியவில்லை! கூட வேலை பார்க்கிற பீம்ராவிடம் சொன்னேன், கிரேனுக்குக் கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அருள்


ஆம்பூர்,
24.6.2025

அண்ணா,

உன் கடிதத்தை மத்தியான இடைவேளையில் படித்தேன். செருப்பு வரைக்கும் வந்ததும் சோற்று டப்பாவை மூடிவிட்டேன்.

அது சிரிப்புச் சமாச்சாரம் இல்லை. வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் ஒரு கால் வெறுங்காலாக நடந்திருக்கிறாய், பூக்காரி சொல்லித்தான் உனக்குத் தெரிகிறது. உன் கால் மரத்துப்போய்விட்டது. எவ்வளவு நாளாக என்று உனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், நன்றாகக் கேள். மரத்த காலுக்குச் சரியான ஷூ லொடலொட என்றுதான் இருக்கும். இறுக்கிப் பிடித்தால்தான் அதற்கு ஏதோ மாட்டியிருப்பதே உறைக்கும். அதனால் சர்க்கரைக்காரர்கள் கடைக்குப் போனால் ஒரு நம்பர் சின்னதைத்தான் ஆசையாக எடுப்பார்கள். இங்கே எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். உன் கால் உனக்குத் தெரியாதா என்று கேட்டாய். தெரியாது அண்ணா. இனிமேல் கால் சொல்வதை நம்பாதே. கண் சொல்வதையும் கை சொல்வதையும் நம்பு.

இந்தக் கவரில் பழுப்பு அட்டை இரண்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், நாளெல்லாம் நின்று கால் வீங்கிய பிறகு, சாக்ஸ் போட்டுக்கொண்டு அட்டை மேல் நில். உட்காரக் கூடாது, உடம்பு பாரம் முழுக்கக் காலில் இறங்கவேண்டும். அண்ணி பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரையட்டும். கத்தரித்து அந்த அட்டையை ஷூவுக்குள் விடு. படுத்துக் கிடந்தால் ஷூ சரி. ஓரம் மடங்கினால் உன் விரலும் அப்படித்தான் மடங்கும். மந்திரித்த ஷூவுக்குள் காலை விடத்தானே கூடாது, அட்டையை விடலாம்.

ஜானட்


ராயபுரம்,
3.7.2025

ஜானட்டு,

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேப்பர் வாங்கினேன். இப்போது வேறு எழுதவேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் அண்ணி என்னை அட்டை மேல் நிற்க வைத்து வரைந்தாள். கத்தரித்து உள்ளே விட்டாள். முன்பக்கமும் இரண்டு ஓரமும் பொரித்த அப்பளம் மாதிரி எழும்பி நின்றன. அவள் ஒன்றும் பேசாமல் ஷூவை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம். "இது தடி அட்டைடி, தோல்னா வளைஞ்சி குடுக்கும்" என்று கத்தினேன்.

உன்னைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்று ஒரே வெறி. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுநாள் ஷூவை எடுத்து மாட்டினேன். வீட்டிலிருந்து காசிமேடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், ஒரு மணி நேரம்தான். ஜோராக இருந்தது. ஒரு வலி இல்லை, ஒரு கடி இல்லை. ஏலம் போடுகிற இடத்தில் நின்று தெரிந்தவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து "பார்த்தியா?" என்று அண்ணியைக் கூப்பிட்டேன். அவள் ஷூவைக் கழற்றினாள். வலது கால் சாக்ஸின் ஓரம் சிவப்பாக இருந்தது. மீன் மார்க்கெட் தண்ணீர் பட்டிருக்கும் என்று சொன்னேன். சாக்ஸைக் கழற்றினதும் சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்து ரத்தம். ஜானட்டு, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் விரலால் தொட்டபோதும் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. கிரேனில் ஏறிய முதல் நாள்கூட எனக்குப் பயமில்லை. என்ன செய்யவேண்டும் என்று சொல், செய்கிறேன்.

அருள்


ஆம்பூர்,
5.7.2025

அண்ணா,

கடிதம் கையில் கிடைத்தவுடன் எழுதுகிறேன். முதலில் டாக்டர், பிறகுதான் ஷூ. நாளைக்கு என்று தள்ளாதே. அந்தப் புண் மூடுகிற வரைக்கும் தெருமுனைக் கடைக்குக்கூட நடக்காதே. காலில் ஒன்றுமே தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல். கிரேன் பெடலை அந்தக் காலால்தான் மிதிக்கிறாய், அதையும் சொல்.

புண் ஆறட்டும், நான் ஷூ அனுப்புகிறேன். அண்ணி வரைந்த அட்டையை அப்படியே மடிக்காமல் எனக்கு அனுப்பு. இடது காலை விட உன் வலது கால் பெரிசாக இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ பார்க்கவேண்டும். நீளத்தை எல்லாரும் பார்ப்பார்கள், அகலத்தை எவனும் பார்ப்பதில்லை. உன்னைக் கடித்தது அகலம்தான். நீள விரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. லேஸ் வைத்ததுதான் சரி. நடக்கும்போது கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம்.

ஆனால் டாக்டர் நடக்கக் கூடாது என்றால், உலகத்திலேயே நல்ல ஷூ என் கையில் இருந்தாலும் உனக்கு அனுப்ப மாட்டேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டரில் நான் பேசியது அசிங்கம். உன் காலை நினைத்து எனக்கு வந்த பயம், வாய் வழியாகக் கேலியாக வந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

ஜானட்


ராயபுரம்,
27.7.2025

ஜானட்டு,

புண் மூடிவிட்டது. மூன்று வாரம் ஆனது.

சர்க்கரை கிளினிக்கில் டாக்டர் இஷ்ரத் என்று ஒரு அம்மா. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூலால் பாதத்தில் பத்து இடத்தில் குத்தினார். தெரியும்போது சொல்லச் சொன்னார். நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். "எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிஞ்சிடுச்சுங்க" என்றார். பத்தில் ஒரு இடம்கூட நான் சொல்லவில்லையாம். டூட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். இனிமேல் கிரேன் இல்லை, கீழே யார்டு ஆபீசில் உட்கார்ந்து பெட்டி நம்பர் சரிபார்க்கிற வேலை. முதல் நாள் அழுகை வந்தது. பீம்ராவ் டீ வாங்கிக் கொடுத்து, "எறங்கிட்டியேன்னு ஃபீல் பண்ணாத தோஸ்து. இத்தினி வருசம் உன் பெட்டிக்குக் கீழ நின்னவன் நான்தான். இன்னிக்குதான் நல்லா தூங்குவேன்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

நடையைப் பற்றிக் கேட்டேன். ஒரு நாளைக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர், தொடர்ந்து பன்னிரண்டு நாள் என்றால் இன்னொரு விரலோ பாதமோ போகும், கூடவே கூடாது என்று அடித்துச் சொன்னார். சரியான ஷூவோடு ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர், அதற்கு மேல் ஒரு அடி கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிக் காலைப் பார்க்கவேண்டும். சிவப்பு தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும்.

இரண்டு நாள் மாதா படத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது. மாதா கேட்டதைக் கொடுத்துவிட்டாள், நான் மட்டும் டிமிக்கி கொடுப்பதா என்று அதே நினைப்பு. மூன்றாம் நாள் யார்டில் ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாயிரம் பெட்டி. எந்தக் கிரேனும் கப்பலை ஒரே தூக்காகத் தூக்கி வைக்காது. ஒன்று ஒன்றாகத்தான் இறங்கும், நேரம் ஆனாலும் கப்பல் காலியாகிவிடும். எனக்குச் சட்டென்று உறைத்தது. நடந்து வருகிறேன் என்றுதான் நான் நேர்ந்துகொண்டேன். பன்னிரண்டு நாளில் வருகிறேன் என்று எங்கே சொன்னேன்? ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு அதே இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ ஆகட்டும். சாமியாரிடம் கேட்டேன். "மாதா ஒண்ணும் டைம் ஆபீஸ் வச்சி நடத்தல அருளு" என்றார். டாக்டரம்மாவும் யோசித்துவிட்டு, மாதம் ஒருமுறை காலைக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

எட்டாம் நம்பரை பீம்ராவுக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்கு அளவாக இருக்கிறது. "மாதாவுக்கு மந்திரிச்சத புத்தரக் கும்புடறவன் போடலாமா?" என்று கேட்டான். உன் காலை அது கடிக்காமல் இருந்தால் மாதாவுக்குச் சந்தோஷம்தான் என்றேன். இனி உன் வேலை. ஷூவை அனுப்பு.

அருள்


ஆம்பூர்,
30.7.2025

அண்ணா,

கப்பல் கணக்கைப் படித்துவிட்டுக் கடிதத்தை ஃபிட்டிங் ரூமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். உன்னை நினைத்தால் எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ஒன்பதாம் நம்பர், அகல வார்ப்பு, பார்சலில் வருகிறது. உள்பக்கம் ஒரு தையல் முடிச்சுகூட இல்லாததாக நாற்பது ஜோடியில் தேடி எடுத்தேன். உள்ளே கையை விட்டு விரல் விரலாகத் தடவிப் பார்த்தாயிற்று. நீயும் ஒவ்வொரு முறை போடும் முன்னால் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுப் பார். ஒரு மணல் போதும் உனக்கு. கூடவே தையல் இல்லாத வெள்ளை சாக்ஸ் ஆறு ஜோடி. வெள்ளை எதற்கு என்றால், ரத்தம் வந்தால் உடனே தெரியும்.

வந்த அன்றைக்கே மாட்டு, மாதா படத்துக்குக் கீழே வைக்காதே. முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி, மறுநாள் ஒரு மணி, அப்புறம் தெரு. அது லொடலொட என்றுதான் இருக்கும். அதற்குப் பழகு.

ஜானட்


ராயபுரம்,
17.8.2025

ஜானட்டு,

இப்போது மத்தியானம். நான் வீட்டில் இருக்கிறேன். பதறாதே, முழுக்கப் படி.

இரண்டு வாரம் நீ சொன்னபடியே பழகினேன். லொடலொடப்பு போகவில்லை, நான்தான் பழகிவிட்டேன். ஒரு கீறல் இல்லை. இன்று காலை பூசை முடிந்து கொடியோடு கிளம்பினோம். நாற்பது பேர், எல்லாரும் காவி உடை, பாண்டு வாத்தியம். நேப்பியர் பாலம் வரைக்கும், டாக்டரம்மா சொன்ன ஐந்து கிலோமீட்டர், நான் கூட்டத்தோடு போவது, பிறகு அவர்கள் போக நான் திரும்புவது என்று ஏற்பாடு. உன் அண்ணியும் கூட வந்தாள்.

ஒரு முட்டாள்தனம் செய்தேன். கூட்டத் தலைவர் சைமன் எல்லாருக்கும் காவி நிறத்தில் சாக்ஸ் வாங்கி வைத்திருந்தார். நாற்பது பேர் காவிக் காலோடு நிற்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்காரன் மாதிரி வெள்ளையோடு நிற்பதா என்று, உன் சாக்ஸுக்கு மேலே அதையும் மாட்டிக்கொண்டேன். நீ திட்டப் போவதை நானே திட்டிக்கொண்டேன், மிச்சம் இருந்தால் அனுப்பு.

பாரிமுனையில் அரை மணி ஆனது. பாண்டு உச்சத்தில் அடிக்கிறது, பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் கும்பிடுகிறார்கள். நிற்கவே மனசில்லை. அடுத்த அரை மணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று காலும் சொன்னது, ஒரு வலியும் இல்லை. அந்தக் கால் சொல்வதை நம்பக் கூடாது என்று நீ எழுதினது நினைவுக்கு வந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கழற்றினேன். வலது சுண்டுவிரல் பக்கம், புளியங்கொட்டை அளவு சிவப்பு. இரண்டு சாக்ஸ் போட்டதில் ஒன்று மடிந்து அழுத்தியிருக்கிறது. தோல் உரியவில்லை, ரத்தம் இல்லை, வெறும் சிவப்பு.

கூட்டம் நின்றுவிட்டது. யாரோ "இன்னா தல, பாரீஸ்லயே பஞ்சரா?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சைமன் வந்து குனிந்து பார்த்து, "இது ஒண்ணியுமில்ல மாமு, கோட்டைக்கு அந்தாண்டதான் பாலம். ஒரு எட்டு வந்துடு" என்றார். உண்மையிலேயே பக்கம்தான். நடந்திருப்பேன் ஜானட்டு. போன வருஷத்து அருளாக இருந்தால் பாலம் என்ன, கடலூர் வரைக்கும் போயிருப்பேன்.

"நீங்க போங்கப்பா. நான் இன்னிக்கு இங்க வரைக்கும்தான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்டது. வாத்தியம் போய்விட்டது. நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன், பஸ் ஸ்டாப் தூணில் பென்சிலால் ஒரு சிலுவை.

பீச் ஸ்டேஷனிலிருந்து ராயபுரம் ஒரே ஒரு ஸ்டேஷன். ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி என் காலை எடுத்து மடியில் வைத்து, அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். மூன்று வருஷமாக இந்த நேர்த்தியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, அட்டை மடங்கினபோதுகூட. இன்றுதான் பேசினாள்.

"என் உசுருக்காவ நடக்கறேன்னு மாதாகிட்ட சொன்னியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? நீ ஒவ்வொரு வாட்டி கெளம்பி போனப்பவும் பன்னெண்டு நாளு நான் செத்துகினு இருந்தேன்யா. இன்னிக்கு நீ குந்திகினு ஷூவ கயட்டுன பாரு, அப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு."

வெள்ளை சாக்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு, லேஸைத் தளர்த்திக் கட்டினேன். ரயில் வந்தது, ஏறிவிட்டோம்.

இப்போது சிவப்பு மறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காலை பாரிமுனையிலிருந்து தொடங்குகிறேன், அண்ணியும் நடக்கிறாளாம். அவள் காலுக்கும் ஒரு அட்டை வரைந்து வைத்திருக்கிறேன். நீ சனிக்கிழமையே கிளம்பி வீட்டுக்கு வந்துவிடு.

உன் அண்ணன்
அருள்